வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர்

நம்ம குழுக்கள்ல எந்த மாசத்துத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு ஒரு கடனாவது எழுதியிருக்கும். ராத்திரி நேரத்துல வலி எடுத்தா 108-க்குப் போன் போடுறோம், வண்டி வருது. அந்த வண்டி தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்தது 2008-ல் தான். அதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே, நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை காத்திருக்காமல், தானே வண்டி கட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போன ஒரு பெண் டாக்டர் நம்ம வேலூர்ல இருந்தார்.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரிக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் இலங்கையிலும் மதராஸிலும் வைத்தியம் பார்த்தவர். அப்பாவும் டாக்டர். மதம் பரப்ப வந்த குடும்பம்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஐடாவுக்கு இந்த ஊரே வேண்டாம் என்றிருந்தது. சின்ன வயசில் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனதும், அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டு வசதியாக இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

1890-களின் தொடக்கத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வர, பார்த்துக்கொள்வதற்காகத் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போவதாகத் திட்டம். அப்படி இருந்தபோதுதான் ஒரு ராத்திரி கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமணர். சின்ன வயசு மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை வெளியே வரவில்லை, நீங்கள் வந்து காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியைத் தொடுவதா, அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதே ராத்திரி ஒரு முஸ்லிம் வந்தார், அவருக்கப்புறம் வேறொரு மேல்சாதிக்காரரும் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. ஐடாவுக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தால், மூணு பெண்களும் செத்துப்போயிருந்தார்கள்.

இந்த மூணு வீடுகளிலும் டாக்டர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். வீட்டில் எடுத்த முடிவுதான் அந்தப் பெண்களைக் கொன்றது. 1994-ல் சிரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள், ஏழை நாடுகளில் கர்ப்பிணிகள் ஏன் சாகிறார்கள் என்று அலசி எழுதினார்கள். மூணு இடத்தில் நேரம் போகிறதாம். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று வீட்டில் முடிவு எடுப்பதற்குள், முடிவு எடுத்தபின் வழியில், போய்ச் சேர்ந்தபின் அங்கே வைத்தியம் கிடைப்பதற்குள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு கட்டுக்கு மீறினால், நல்லா இருந்த பெண்ணின் உயிரே இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். புருஷன் யோசித்து, மாமியார் யோசித்து, கையில் காசு புரட்டுவதற்குள் அந்த இரண்டு மணி நேரம் முடிந்துவிடும். உலகத்தில் பல டாக்டர்கள் இன்றைக்கும் படிக்கிற இந்தக் கணக்கை, ஐடா ஒரே ராத்திரியில் பார்த்துவிட்டார்.

மறுநாளே அப்பா அம்மாவிடம் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னார். அமெரிக்கா திரும்பி 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்த புதிது அது. கையோடு, ஷெல் என்ற பணக்காரரிடமிருந்து 10,000 டாலர் நன்கொடையும் வாங்கிக்கொண்டு 1900-த்தின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தார். வந்த சில மாதத்தில் அப்பா இறந்துபோனார். வழிகாட்ட ஆளில்லை. ஜனங்களுக்கும் இந்தப் புதுப் பெண் மேல் நம்பிக்கை வரவில்லை. வேலூரில் வீட்டின் ஒரு சின்ன அறையில் வைத்தியத்தை ஆரம்பித்தார். அடுக்களையில் வேலை செய்த பெண்ணைத்தான் பழக்கி உதவிக்கு வைத்துக்கொண்டார். 1902-ல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது.

ஆஸ்பத்திரி கட்டியதோடு வேலை முடிந்தது என்று அவர் உட்காரவில்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். கிராமத்து ஜனங்கள் கடைசி நேரத்தில்தான் வந்தார்கள், பலர் வரவே இல்லை. மாட்டு வண்டியில் ஒரு நாள் பூரா வர வேண்டும், அன்றைய கூலி போய்விடும். அதனால் 1906 வாக்கில் சாலையோர வைத்தியத்தை ஆரம்பித்தார். வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற வழியில், 30 கிலோமீட்டருக்கு மேல், மரத்தடி மரத்தடியாக நிற்பார். இன்ன கிழமை டாக்டரம்மா இந்த மரத்துக்கு வருவார் என்று தெரிந்ததும் ஜனங்கள் முன்னாடியே வந்து காத்திருப்பார்கள். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, கட்டியைக் கீறுவது, காய்ச்சலுக்கு மருந்து என்று வேலை நடக்கும். ஊர் ஒதுக்கி வைத்த தொழுநோயாளிகளுக்கும் அங்கே வைத்தியம் உண்டு. ரொம்ப முடியாதவர்களை வண்டியிலேயே ஏற்றி வேலூருக்குக் கொண்டுவருவார். பிறகு ஒரு சின்ன பிஜோ மோட்டார் கார் வந்தது. முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து ஓடிய ஜனங்கள், அப்புறம் அதே சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

ஒரு டாக்டர் எத்தனை மரத்தடியில் நிற்க முடியும்? அதனால் 1909-ல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். படிக்கப் பெண்கள் வருவார்களா என்று மதராஸ் அரசின் மருத்துவத் தலைமை அதிகாரிக்கே சந்தேகம். வந்தார்கள். 1922-ல் முதல் அணியில் 14 பேர் டாக்டராக வெளியே வந்தார்கள். திண்டிவனத்துப் புருஷன்மார்கள் கேட்ட பெண் வைத்தியர், இந்த மண்ணின் பெண்ணாகவே கிடைக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இடையில் பள்ளியையே மூட வேண்டிய நிலையும் வந்தது. பட்டப்படிப்பாக உயர்த்தினால்தான் நடத்தலாம் என்று அரசு உத்தரவு போட்டது. அதற்கு நிறையப் பணம் வேண்டும். எழுபது வயசைத் தாண்டிய பிறகும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். கடைசியில் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். பெண்களுக்கென்று ஆரம்பித்ததை விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று அப்போது சிலருக்கு மனத்தாங்கல். மூடிவிட்டால் யாருக்குமே இல்லையே என்பது அவர் கணக்கு. 1946-ல் பொறுப்பிலிருந்து விலகியதும், அந்த இடத்துக்கு இந்தியப் பெண்ணான டாக்டர் ஹில்டா லாசரஸ் வந்தார்.

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம் கொடைக்கானலில் தன் 89-வது வயதில் காலமானார். அந்த ஷெல் கட்டடம் ஆரணி ரோட்டில் இன்னும் இருக்கு, இப்ப அது கண் ஆஸ்பத்திரி. நம்மில் பலர் மாமியாரையோ அம்மாவையோ கண் ஆபரேஷனுக்கு அங்கே கூட்டிப்போய், வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருப்போம்.