மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவர்

நம்ம சுவரிதழ்ல பெரும்பாலும் நல்லவங்க வாழ்க்கை வரலாறுதான் வரும். நான் எழுதப்போகிற தாமஸ் மிட்ஜ்லி நல்லவரா, கெட்டவரா? படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

1889 மே 18-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். படித்தது இயந்திரப் பொறியியல், பேர் வாங்கியது வேதியியலில்! 1921-ல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் என்ஜின் தட்டாமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். ஈயம் உடம்புக்கு விஷம். 1923-ல் அவரே அதனால் நோய்ப்பட்டு ஓய்வெடுத்தார். ஆனாலும் 1924-ல் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அதில் கையைக் கழுவி, ஆபத்தில்லை என்று காட்டினார். இதை என்னால் மன்னிக்க முடியலை.

ஃபிரிட்ஜ் விஷயம் வேற. அப்போ ஃபிரிட்ஜில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு வாயுக்கள் இருந்தன. இரவில் குழாய் கசிந்தால் தூங்கினவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க. 1928-ல் மிட்ஜ்லியும் கூட்டாளிகளும் கார்பன், குளோரின், ஃபுளோரின் சேர்ந்த ஒரு வாயுவைத் தயாரித்தார்கள். அதுதான் ஃபிரியான். 1930-ல் வேதியியலாளர்கள் கூட்டத்தில் என்ன செஞ்சார் தெரியுமா? அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல ஊதினார். அவருக்கு ஒண்ணும் ஆகலை. வாயுவும் தீப்பிடிக்கலை. மெழுகுவர்த்திதான் அணைஞ்சுது!

1940-ல் இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் செயலிழந்தன. படுக்கையிலிருந்து எழ, கயிறும் கப்பியும் வைத்துத் தானே ஒரு கருவி செய்துகொண்டார். 1944 நவம்பர் 2-ல் அந்தக் கயிற்றிலேயே சிக்கி இறந்தார். வயது 55.

ஃபிரியான் லேசில் சிதையாது. அதுவே வினையாச்சு. சிதையாமல் வானத்தில் ஏறி, அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, குளோரினைக் கக்கி ஓசோனைத் தின்றது. 1974-ல் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகா மேல் ஓட்டை தெரியவந்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். பதிலுக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனா 1 கிலோ கசிந்தால் சுமார் 2,000 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32-க்கு 675. புரொப்பேனுக்கு வெறும் 3 தான்!

ஜெர்மனியில் குளிருக்கு வெப்பப் பம்பு வைக்கிறாங்க. ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் விடும் இயந்திரம் அது. 2024 விதிப்படி அரசு மானியம் செலவில் 30 சதவீதம். உள்ளே புரொப்பேன் மாதிரி இயற்கையில் இருக்கிற வாயு என்றால் இன்னும் 5. 2028 முதல் அந்த மாதிரி பம்புக்கு மட்டும்தான் மானியம் என்றும் அப்போதே எழுதிவைத்தார்கள்.

புரொப்பேன் நம்ம சமையல் சிலிண்டரில் இருக்கிற வாயுதான். குப்பென்று பற்றும். காற்றைவிட கனம் வேறு. அதனால அந்தப் பெட்டியைப் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, ஜன்னல், கதவு, சாக்கடைத் துளை பக்கத்தில் இல்லாமல் வைக்கிறார்கள்.