நோயுற்ற சிறார்க்கு நிழலான முத்துலட்சுமி அம்மையார்

நோய்வாய்ப்பட்ட பெரியவர் தமக்கு எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று வைத்தியருக்கு எடுத்துச் சொல்வார். பச்சைக் குழந்தையோ அழ மட்டுமே அறியும். அக்குழந்தையைத் தாயின் மடியிலிருந்து பிரித்தெடுத்து, முன்பின் அறியாத மனிதர் நடமாடும் பெரிய மண்டபத்தில், முதிய நோயாளருக்கு நடுவே கிடத்தினால் அதன் உள்ளம் என்ன பாடுபடும்? நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பல வைத்தியசாலைகளில் இதுவே நடைமுறையாக இருந்தது. சிறார்க்குத் தனி இடமும் தனிப் பராமரிப்பும் வேண்டும் என்று அந்நாளிலேயே வாதாடியவர்களுள் தமிழ்ப் பெண்மணி ஒருவரும் இருந்தார். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்ற வகையில் அவரை எம்மவர் நன்கு அறிவர். நோயுற்ற சிறார்க்காக அவர் ஆற்றிய பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதனை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்தல் தகும்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசுவாமி ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியின் அதிபராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். இக்கலப்பு மணத்தின் பொருட்டுத் தந்தையாரை உறவினர் ஒதுக்கி வைத்தனர். பெண்கள் பூப்பெய்தியதும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம் அது. ஆயினும் தந்தையார் மகளை வீட்டில் வைத்தே படிப்பித்துப் பரீட்சைக்கு அனுப்பினார். ஆண்கள் மட்டும் பயின்ற மகாராஜா கல்லூரியில் அவர் சேர விரும்பியபோது ஊரிற் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு அனுமதி வழங்கியமையால் கல்லூரிக் கதவு திறந்தது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த அவர், 1912இற் பட்டமும் பதக்கங்களும் பெற்று வெளிவந்தார். எழும்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசினர் வைத்தியசாலையில் ஹவுஸ் சர்ஜன் பதவி கிடைத்தது. பெண் ஒருவர் அங்கே அப்பதவியை வகித்தது அதுவே முதல் முறை. 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற உடன்பாட்டின் மேலேயே அம்மணம் நடைபெற்றது. அவ்வுடன்பாட்டைக் கணவர் இறுதிவரை காத்தார்.

1920களின் தொடக்கத்தில் அம்மையாருக்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. அவருடைய அன்புத் தங்கையார் புற்றுநோயால் மாண்டார். வைத்தியர்கள் முதலில் அதனை வயிற்றுளைவு என்று எண்ணிவிட்டனர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தாமே வைத்தியராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற இயலாத வேதனை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1925இல் அரசாங்க உதவிப் பணம் பெற்று, பெண்கள், குழந்தைகள் நோய் பற்றி ஆராய்வதற்காக அம்மையார் இலண்டன் சென்றார். கணவரும் பிள்ளைகளும் உடன் சென்றனர். அக்காலத்து ஆங்கில வைத்தியசாலைகள் பலவற்றிற் பெற்றோர் குறித்த நாளில் மட்டுமே பிள்ளையைப் பார்க்கலாம். பிள்ளை அழுது ஓய்ந்து சோர்ந்து கிடந்தால், புதிய இடத்துக்குப் பழகிவிட்டது என்று தாதியர் எண்ணினர். ஆனால் அதே 1920களில், நியூகாசில் நகரத்துக் குழந்தைகள் வைத்தியசாலையொன்றில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் வைத்தியர் தாய்மாரையும் பிள்ளைகளோடு அனுமதித்து, அவர்கள் கையாலேயே பணிவிடை செய்வித்தார். 1952இல் ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர், வைத்தியசாலையில் விடப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தையின் துயரைத் திரைப்படமாகப் பிடித்து வைத்தியருக்கே காட்டினார். பெற்றோர் பிள்ளையைத் தடையின்றிப் பார்க்க வேண்டும் என்று 1959இல் பிரித்தானிய அரசின் விசாரணைக் குழுவொன்று பரிந்துரைத்தது. பிள்ளையின் பிணிக்குத் தாயும் மருந்தே என்று எம் பாட்டிமார் அறிந்திருந்ததை, மேல்நாட்டார் இவ்வாறு ஆராய்ந்து தெளிந்தனர்.

தாயகம் திரும்பிய அம்மையாரை இந்திய மாதர் சங்கத்தார் சட்டசபைக்கு அனுப்ப விரும்பினர். வைத்தியப் பணி தடைப்படுமே என்று தயங்கிய பின்னரே அவர் இசைந்தார். சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, பிரித்தானிய இந்தியாவின் முதற் பெண் சட்டசபை அங்கத்தவரானார். 1927இல் அச்சபையின் உப தலைவராக ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வைத்தியசாலை வேண்டும் என்று சபையில் வற்புறுத்தினார். அதன் பயனாக மகப்பேற்று வைத்தியசாலையிற் சிறார்க்கெனத் தனிப் பகுதி திறக்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளை ஒழுங்காக வைத்தியர் பரிசோதிக்க வேண்டும் என்றும் அவர் கோரினார். நோய் முற்றிய பின் கட்டிலிற் கிடத்துவதினும், முன்னரே கண்டறிதல் நன்று என்பதைத் தங்கையாரின் மரணம் அவருக்கு உணர்த்தியிருந்தது.

1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் பதவி துறந்தார். புகலிடமின்றி வந்த தேவதாசி குலத்துப் பெண்கள் மூவரைத் தம் வீட்டிலேயே ஏற்றார். அதுவே ஒளவை இல்லமாக வளர்ந்து, ஆதரவற்ற பெண் பிள்ளைகள் பலருக்குக் கல்வியும் வாழ்வும் அளித்தது.

தங்கையாரின் நினைவு அவரை மேலும் உந்தியது. புற்றுநோய்க்குத் தனி வைத்தியசாலை எதற்கு, அந்நோயாளர் எப்படியும் மடிவர் அல்லரோ என்று பலர் தட்டிக்கழித்த காலத்தில் அவர் வீடு வீடாக நிதி திரட்டினார். 1952இல் பண்டித நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954இற் பன்னிரண்டு கட்டில்களோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதனைத் தோளிற் சுமந்தனர். 1960இல் அங்கே புற்றுநோயுற்ற சிறார்க்கெனத் தனி விடுதி எழுந்தது. இந்திய நாட்டில் இவ்வகையில் அதுவே முன்னோடி.

அவ்விடுதியின் பயன் பின்னாளில் விளங்கியது. இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மருந்து கொடுக்க வேண்டும். பசியால் மெலிந்த உடல் அம்மருந்தைத் தாங்காது, கிருமி தொற்றும், கைப்பணம் தீர்ந்ததும் பெற்றோர் பாதியிலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்புவர். 1980களில் அடையாறு நிலையமும், பம்பாய், தில்லி வைத்தியசாலைகளும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையமும் கூடி ஆராய்ந்து, எமது நாடுகளின் நிலைக்கு ஏற்றதொரு சிகிச்சை முறையை வகுத்தன. ஐந்து பிள்ளைகளில் ஒருவரே பிழைத்த நிலை மாறி, ஏறக்குறைய இருவரில் ஒருவர் பிழைக்கும் நிலை வந்தது. அதனைக் காண அம்மையார் இருக்கவில்லை. 1956இற் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 யூலை 22ஆந் திகதி, எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாட்கள் இருக்கையில், இவ்வுலகை நீத்தார். அவர் பிறந்த நாளை வைத்தியசாலை தினமாகக் கொண்டாடத் தமிழ்நாட்டு அரசு 2019இல் முடிவு செய்தது.

அன்பர்களே, இவ்வரலாறு கல்கிசையில் வாழும் எமக்கு என்ன கற்பிக்கிறது? பொரளையில் லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை உண்டு. மகரகமையில் அபேக்ஷா வைத்தியசாலை உண்டு. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தமிழ்த் தாய்மார் நோயுற்ற பிள்ளைகளோடு அங்கு வருகின்றனர். பிள்ளையின் அருகே தாய் இருந்தாலும், வைத்தியர் சொல்வது அவளுக்கு விளங்காவிடின் அவள் இருந்தும் இல்லாதவளே. எந்த மருந்தை எப்போது கொடுப்பது, மறுபடி எந்த நாளில் வருவது என்பன தெரியாமல் ஊர் திரும்பும் தாயின் பிள்ளைக்கு, உயர்ந்த சிகிச்சையும் பாதியிலே நின்றுபோகும்.

இரு மொழியும் அறிந்த வாலிபர் எம் மன்றத்திற் பலர் உளர். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை இத்தாய்மாருக்கு மொழிபெயர்த்து உதவுவதற்கு ஒதுக்கலாம். இரத்த தானம் செய்யலாம். இடவசதியுள்ள பெரியோர், தூரத்திலிருந்து வந்த குடும்பத்துக்குச் சில நாட்கள் தங்க இடமும் ஒரு வேளைச் சோறும் அளிக்கலாம். இவற்றை வைத்தியசாலை அதிகாரிகளின் அனுமதி பெற்று, ஒழுங்காகவும் அடக்கமாகவும் செய்தல் வேண்டும்.

குருபூசை நாட்களில் அன்னதானம் செய்கிறோம், அது நற்பணியே. நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே கண்விழித்திருக்கும் தாய்க்கு உணவு கொண்டுசெல்வதும் சிவபூசையே ஆகும். வரும் யூலை 30ஆந் திகதி அப்பணியை எம் மன்றம் தொடங்குமாயின், அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவாக அமையட்டும்.