கடலில் மத்தாப்பு கொளுத்திய மார்த்தா

சிவப்பு, வெள்ளை, பச்சை.

இந்த மூன்று நிற வெளிச்சமும் சிவகாசிச் சீமைக்குப் புதிது அல்ல. விருதுநகர், சாத்தூர், திருத்தங்கல், வெம்பக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும், எந்த நிறத்துக்கு என்ன மருந்து சேர்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்கிறது. சிவப்புக்கு ஸ்டிரான்சியம் உப்பு. பச்சைக்குப் பேரியம் உப்பு. பட்டாசுத் தொழிலாளர்கள் அதைப் பச்சை உப்பு என்றே சொல்கிறார்கள்.

நமக்கு அது தீபாவளி வேடிக்கை. ஆனால் இதே மூன்று நிறங்களை வைத்துக்கொண்டு, நள்ளிரவில், நடுக்கடலில், கப்பல்களைப் பேச வைத்தார் ஒரு பெண். கணவனை இழந்தவர். கையில் காசு இல்லாதவர். ரசாயனம் படிக்காதவர்.

அவர் பெயர் மார்த்தா கோஸ்டன். இன்று சிறு விமானங்களில், விழுந்தால் விழுந்த இடத்தை அறிவிக்கும் கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். அந்தக் கருவி செய்யும் வேலையை, ரேடியோ இல்லாத காலத்தில், நெருப்பைக் கொண்டு செய்தவர் இவர்.

ரகசியத் திருமணம்

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1826-ம் ஆண்டு மார்த்தா பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை இறந்து போனார். தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிலடெல்பியா நகருக்குக் குடி பெயர்ந்தார்.

அங்கே பெஞ்சமின் கோஸ்டன் என்ற வாலிபரை மார்த்தா சந்தித்தார். கெட்டிக்காரர். புதிய புதிய கருவிகளைச் செய்து பெயர் வாங்கியவர். இருவரும் காதல் கொண்டார்கள். மார்த்தாவுக்கு 16 வயது கூட நிறையவில்லை. வீட்டுக்குத் தெரியாமல் திருமணம் நடந்தது.

பெஞ்சமினுக்கு வாஷிங்டனில், கப்பற்படையின் சோதனைச்சாலையில் வேலை கிடைத்தது. இராப் பகலாக மருந்துகளோடு போராடினார். அவர் உடம்பு கெட்டதற்கு அந்த மருந்துப் புகையும் ஒரு காரணம் என்பார்கள். கூலி விஷயத்தில் கப்பற்படையோடு தகராறு ஏற்பட்டது. 1847-ல் வேலையை விட்டு, பாஸ்டன் நகரில் ஒரு எரிவாயுக் கம்பெனியில் சேர்ந்தார். மறு ஆண்டே மாண்டு போனார்.

அப்போது மார்த்தாவுக்கு வயது 21. இடுப்பிலும் கையிலுமாக நான்கு ஆண் பிள்ளைகள்.

பட்ட காலிலே படும் என்பது அவர் விஷயத்தில் உண்மையாயிற்று. பெற்ற தாய் இறந்தார். பச்சைக் குழந்தையையும் பறிகொடுத்தார். இருந்த பணமும் கரைந்தது.

காகிதக் கட்டு

ஒரு நாள், கணவர் விட்டுப் போன காகிதங்களை மார்த்தா பிரித்துப் பார்த்தார். விற்றுக் காசாக்க ஏதாவது இருக்காதா என்ற எண்ணம்தான். அரையும் குறையுமான படங்கள், கணக்குகள். அவற்றின் நடுவே ஒரு யோசனை இருந்தது. கப்பல்கள் இரவில் பேசிக்கொள்ள வண்ண வெளிச்சம்!

அந்தக் காலத்தில் பகலில் கப்பலுக்குக் கப்பல் கொடி காட்டிச் செய்தி சொல்வார்கள். இருட்டி விட்டால் கொடி தெரியாது. லாந்தர் விளக்குகளை வரிசையாகத் தொங்க விடுவார்கள். காற்றும் மழையும் வந்தால் அது ஒரு புள்ளி மாதிரித் தெரியும், அல்லது தெரியாமலே போகும். ஆபத்து வந்தால் பீரங்கி வெடிப்பார்கள். சத்தம் கேட்கும். யார் வெடித்தார்கள், எதற்கு வெடித்தார்கள் என்று கேட்டவனுக்குத் தெரியாது.

கணவர் ஏற்கனவே செய்து வைத்திருந்த மாதிரிகளை மார்த்தா தேடிப் பிடித்துக் கப்பற்படையிடம் கொடுத்தார். கொளுத்திப் பார்த்தார்கள். உதவாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் யோசனை நல்ல யோசனை, மேற்கொண்டு முயன்று பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். மூழ்குகிறவனுக்குத் துரும்பு கிடைத்தது போல, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் மார்த்தா. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அதற்காகவே பாடுபட்டார்.

பத்து ஆண்டா என்று கேட்கலாம். மத்தாப்பு செய்வது வேறு, கடலில் பேசும் மத்தாப்பு செய்வது வேறு. தீபாவளி அன்று ஒரு மத்தாப்பு நமத்துப் போனால், தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததைக் கொளுத்துவோம். கடலில் அடுத்தது என்ற பேச்சே கிடையாது. உப்புக் காற்றில் மாதக்கணக்கில் கிடந்தும் கெடக் கூடாது. சிவகாசியின் வறண்ட வானிலை வெடித் தொழிலுக்கு வாய்த்தது எவ்வளவு பெரிய கொடை என்பது, ஐப்பசி மழையில் வெடி காய வைத்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கொடை கப்பலில் இல்லை. அதோடு, பெருங்காற்றிலும் சட்டென்று பற்ற வேண்டும். மூன்று நிறமும் ஒரே பிரகாசத்தோடு எரிய வேண்டும். தூரத்தில் இருந்து பார்ப்பவன் ஒன்றை மற்றொன்று என்று நினைத்துவிடக் கூடாது. அங்கேதான் சங்கடம்.

மூன்றாவது நிறம்

நல்ல வெள்ளை கிடைத்தது. நல்ல சிவப்பும் கிடைத்தது. மூன்றாவது நிறம் கிடைக்கவில்லை.

1858-ம் ஆண்டு. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டு, ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் முதல் தடவையாக இணைத்தார்கள். நியூயார்க் நகரமே விழாக்கோலம் பூண்டது. வாணவேடிக்கை அமர்க்களப்பட்டது. (அந்தக் கொண்டாட்டத்தில் தெறித்த பொறியில் நகர மண்டபத்தின் கோபுரமே தீப்பற்றிக்கொண்டது! தந்திக் கம்பியும் சில வாரங்களில் ஊமையாகிவிட்டது. அது தனிக் கதை.)

ஊரெல்லாம் வேடிக்கை பார்த்தது. மார்த்தா நிறத்தைப் பார்த்தார். இந்த வாணக்காரர்களிடம் கேட்டால் என்ன என்று தோன்றியது. நியூயார்க் வாணக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். பெண் எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்று, ஆண் பெயரில் எழுதினார்.

அவர் கேட்டது நீலம். கிடைத்தது பச்சை. கண்ணைப் பறிக்கும் பச்சை! அதையே மூன்றாவது நிறமாக வைத்துக்கொண்டார்.

நீலம் கிடைக்காததில் வியப்பு இல்லை. நீலத்துக்குச் செம்பு உப்பு வேண்டும். நெருப்பின் சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் வெளுத்துவிடும். சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் மங்கிவிடும். இன்றைக்கும் வாணத் தொழிலில் நல்ல நீலம்தான் பெரும் பாடு.

பச்சைக்கும் இன்று சோதனை வந்திருக்கிறது. பட்டாசில் பேரியம் உப்பைச் சேர்க்கக் கூடாது என்று 2018-ம் ஆண்டு நம் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. அதன் பிறகு வந்தது பசுமைப் பட்டாசு. பச்சை நிறம் தரும் உப்பு இல்லாததற்குப் பசுமை என்று பெயர்! சிவகாசிக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

நெருப்பு எழுத்து

மூன்று நிறம் கிடைத்தால் போதுமா? போதாது. பச்சை எரிந்தால் என்ன அர்த்தம்? பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டுமே!

மார்த்தாவின் முறை இதுதான். ஒரு நிறம் தனியாக எரிந்தால் ஒரு எண். இரண்டு நிறம் அடுத்தடுத்து எரிந்தால் வேறு எண். மூன்று எரிந்தால் இன்னொன்று. இப்படிப் பூஜ்யம் முதல் 9 வரை எண்கள். கூட இரண்டு எழுத்துகள். எண்களைச் சேர்த்துப் புத்தகத்தில் பார்த்தால் செய்தி தெரியும். கொளுத்துகிறவன் கையிலும், பார்க்கிறவன் கையிலும் ஒரே புத்தகம். வெறும் பீரங்கிச் சத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அழுகைக்கும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம்.

1859-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி காப்புரிமை கிடைத்தது. யார் பெயரில்? கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இறந்து போன கணவரின் பெயர் இருந்தது. மார்த்தா அவருடைய சொத்தைப் பார்த்துக்கொள்ளும் மனைவி, அவ்வளவுதான். யோசனை கணவருடையது, அதை மறுப்பதற்கு இல்லை. ஆனால் எரியாத மருந்தை எரிய வைத்தது யார்? 1871-ம் ஆண்டில், திருகினால் பற்றிக்கொள்ளும் புதிய அமைப்புக்குத் தம் சொந்தப் பெயரிலேயே காப்புரிமை வாங்கினார். 12 ஆண்டுகள் கழித்து வந்த நியாயம்.

பேரமும் போரும்

மார்த்தா சும்மா இருக்கவில்லை. கப்பல் ஏறி ஐரோப்பா போனார். பிரான்ஸ், இத்தாலி, டென்மார்க், ஹாலந்து நாட்டுக் கப்பற்படைகளும் இந்த வெளிச்சத்தை எடுத்துக்கொண்டன.

1861-ல் அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. தெற்கத்தித் துறைமுகங்களை வடக்கத்திக் கப்பல்கள் முற்றுகை இட்டன. இரவில் நழுவி ஓடும் கப்பல்களைப் பிடிக்க வேண்டும். தங்கள் கப்பலைத் தாங்களே சுட்டுவிடவும் கூடாது. மார்த்தாவின் வெளிச்சம் இல்லாமல் முடியாது என்ற நிலை. காப்புரிமைக்கு அவர் கேட்டது 40 ஆயிரம் டாலர். அரசாங்கம் கொடுத்தது 20 ஆயிரம்.

போர்க்காலத்தில் மருந்து விலை ஏறிக்கொண்டே போனது. ஒப்புக்கொண்ட விலை ஏறவில்லை. நஷ்டத்தில் செய்து கொடுத்தார். அரசாங்கம் தமக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் தர வேண்டும் என்று பின்னால் கணக்குக் காட்டினார். ஆண்டுக்கணக்கில் நடந்தார். கிடைத்தது 15 ஆயிரம். நாட்டைக் காத்தவளுக்கு நாடு அளந்து கொடுத்தது அவ்வளவுதான்.

கண்டோம் என்ற சிவப்பு

போர் முடிந்த பிறகுதான் அந்த வெளிச்சத்தின் பெரிய வேலை தொடங்கியது. அமெரிக்கக் கடற்கரை நெடுக உயிர் காக்கும் நிலையங்கள் இருந்தன. காவலர்கள் இரவு முழுவதும் மணலில் நடந்தே ரோந்து போவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோஸ்டன் வெளிச்சம். கப்பல் கரைக்கு மிக அருகே வந்தால், சிவப்பைக் கொளுத்தி எச்சரிப்பார்கள். தரை தட்டி உடைந்த கப்பலைக் கண்டாலும் அதே சிவப்பு. உங்களைப் பார்த்துவிட்டோம், உதவி வருகிறது என்று அர்த்தம்.

அலைக்கு நடுவே பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்குகிறவனுக்கு, அந்தச் சிவப்பு வெளிச்சம் எப்படி இருந்திருக்கும்! விடியும் வரை கையை விடாமல் இருக்க அது போதும்.

1886-ல் தம் வாழ்க்கையை மார்த்தா புத்தகமாக எழுதினார். 1904-ல் காலமானார். அவர் தொடங்கிய கம்பெனியைப் பிள்ளைகள் தொடர்ந்து நடத்தினார்கள்.

கடலில் இருந்து வானத்துக்கு

1877-ல் வெரி என்ற அமெரிக்கக் கப்பற்படை அதிகாரி, வண்ண வெளிச்சத்தைக் கைத்துப்பாக்கியில் வைத்து வானத்தில் சுடும் முறையைக் கொண்டு வந்தார். முதல் உலகப் போரில் விமானிகள் அதை எடுத்துச் சென்றார்கள்.

ஆனால் விமானம் நடுக்காட்டிலோ மலையிலோ விழுந்தால்? வெளிச்சம் சில விநாடிதான் எரியும். அந்த நேரத்தில் அந்தத் திசையைப் பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணை மனிதன் வானத்தில் வைத்தான். விண்கோள்கள் அபாயக் குரலைக் கேட்கத் தொடங்கின. 1982-ம் ஆண்டு செப்டம்பரில், கனடாவில் ஒரு சிறு விமானம் விழுந்தது. அதன் கருவி எழுப்பிய குரலை விண்கோள் கேட்டது. மூன்று பேர் பிழைத்தார்கள். அந்த முறையில் உலகிலேயே முதலில் காப்பாற்றப்பட்டவர்கள் அவர்கள்தான். இன்று இந்தியாவும் இதில் சேர்ந்திருக்கிறது. பெங்களூரிலும் லட்சுமணபுரியிலும், அதாவது லக்னோவிலும், குரலைப் பிடிக்கும் நிலையங்கள் உள்ளன.

சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்கள் எந்தக் கருவியை வாங்குவது என்று குழம்புகிறார்கள். விமானத்தோடு பொருத்தும் கருவி, மோதின வேகத்தில் தானே விழித்துக்கொள்ளும். விமானி மயங்கிக் கிடந்தாலும் அது கூவும். ஆனால் அதன் ஏரியல் ஒடிந்தாலோ, தண்ணீருக்குள் மூழ்கினாலோ ஊமை. சட்டையில் வைத்துக்கொள்ளும் சிறு கருவி, ஆளோடு வெளியே வரும். அதை இயக்க ஆளுக்கு நினைவு வேண்டும். மூன்றாவது ரகம், பறக்கும்போதே சில நிமிடத்துக்கு ஒரு முறை இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே போகும். விமானம் நொறுங்கிப் போனாலும் கடைசியாக இருந்த இடம் தெரியும். அதற்குச் சந்தா கட்ட வேண்டும். வசதி உள்ளவர்கள் ஒன்றோடு நிற்பதில்லை.

மலிவு என்று பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவியை மட்டும் வாங்கக் கூடாது. அது வெறுமனே கூவும். யார் கூவுவது என்று சொல்லாது. பொய்க் கூச்சலில் மெய்க் கூச்சல் மறைந்தது. 2009-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதியோடு விண்கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது உள்ளது 406 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண். சொந்தக்காரர் பெயரையும் முகவரியையும் பதிவு செய்து வைத்தால், குரல் கேட்டவுடன் யார் என்று தெரிந்துவிடும். மார்த்தாவின் புத்தகத்தில் எண்ணைப் பார்த்துச் செய்தி அறிந்தது போலத்தான். பதிவு செய்யாத கருவி, புத்தகம் இல்லாத மத்தாப்பு.

2020-ம் ஆண்டு ஜனவரியில் ஐரோப்பிய விண்கோள்கள் இன்னொரு வசதியும் தந்தன. அதற்கென்று செய்த கருவியை வாங்கினால், அபாயக் குரல் போய்ச் சேர்ந்ததும் விண்கோள் வழியாகப் பதில் வரும். விழுந்து கிடப்பவர் கையில் உள்ள கருவியில் ஒரு சிறு விளக்கு எரியும். கடற்கரைக் காவலர் கொளுத்திய சிவப்புக்கும் அதற்கும் அர்த்தம் ஒன்றே.