விண்வெளி மேதை விக்ரம் சாராபாய்

இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை என நாம் போற்றும் டாக்டர் விக்ரம் சாராபாய் அவர்கள், 12-8-1919 அன்று அகமதாபாத்தில், ஆலைத் தொழிலில் புகழ்பெற்ற சமணக் குடும்பத்தில் அம்பாலால் – சரளாதேவி தம்பதியர்க்கு மகனாகத் தோன்றினார். செல்வத்தைப் பெருக்குவதற்கு அவருக்குத் தடையேதும் இல்லை. ஆயினும் அவர் உள்ளம் நாடியது அறிவியலையே. கேம்பிரிட்ஜில் பயின்றுவந்தவர், போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

காந்த நடுக்கோட்டை ஒட்டிய தும்பா என்னும் கேரள மீனவர் ஊரை ஏவுதளமாகத் தேர்ந்தார். ஊர் மக்கள் தம் தேவாலயத்தையே இப்பணிக்கு அளித்தனர். 21-11-1963 அன்று அமெரிக்க ராக்கெட் ஒன்று அங்கிருந்து விண்ணில் எழுந்தது. இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமும் அப்பணியில் பங்கேற்றார். 1969இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாயிற்று.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என வினவியோர் பலர். வல்லரசுகளோடு போட்டியிட அவர் விழையவில்லை. சிற்றூர்க்குக் கல்வியும் உழவர்க்கு வானிலைச் செய்தியும் விண்வழியே சேரவேண்டும் என்பதே அவர் நோக்கம். அதனைக் காணுமுன்னரே, 30-12-1971 அன்று கோவளத்தில் 52 வயதில் மறைந்தார். ஆரியபட்டா செயற்கைக்கோள் ஏவப்பட்டது 1975இல்தான்.

கண்மாய்களை நம்பி வாழும் மதுரைச் சமவெளியில் நாம் புயலையும் மழையையும் முன்னறியச் செயற்கைக்கோள்கள் இன்று துணைபுரிகின்றன. 23-8-2023 அன்று நிலவில் இறங்கிய கலத்தின் பெயர் விக்ரம். அத்திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். பெற்ற செல்வத்தினும் பிறர்க்குப் பயன்தரும் அறிவைப் பெரிதெனக் கொண்டதே, அப்பெருமகனார் நம் இளைஞர்க்குக் காட்டிச்சென்ற நெறியாகும்.