நட்சத்திரத் துடிப்பைக் கவனித்த சிறுவன்

தேங்காயைத் தட்டிப் பார்த்து, முற்றலா இளசா என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். உடைக்காமலேயே உள்ளே இருப்பதை அறியும் வித்தை அது. நட்சத்திரங்களையும் இப்படி அறிய முடியும். பல நட்சத்திரங்கள் விரிந்து சுருங்கித் துடிக்கின்றன. அதனால் அவற்றின் ஒளி கூடிக் குறைகிறது. இப்படி ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பள்ளி நாட்களிலேயே விரும்பிப் பார்த்தவர்தான் வைணு பாப்பு.

1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார். தந்தை ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். அங்கே வளர்ந்த பாப்பு, 1946-லேயே இந்த நட்சத்திரங்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1949-ல் தாம் எடுத்த புகைப்படத் தகட்டில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். அதற்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது.

1952-ல் முனைவர் பட்டம் பெற்றதும், கார்னகி நிறுவனத்தின் உதவியோடு பலோமர் மலையில் ஆராய்ச்சி செய்தார். அங்கே உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி இருந்தது. நட்சத்திர ஒளியில் உள்ள ஒரு கோட்டின் அகலத்தைக் கொண்டு அதன் உண்மையான பிரகாசத்தைக் கணக்கிடும் வழியை, வில்சன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து கண்டுபிடித்தார். இன்றும் அது வில்சன்–பாப்பு விளைவு எனப்படுகிறது.

அங்கேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் நம் நாட்டு மாணவர்கள் எந்தக் கருவியால் வானத்தைப் பார்ப்பார்கள்? அவர் தாயகம் திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். அங்கே சூரியனை ஆராயலாம். இரவு வானத்தைப் பார்க்க வேறு இடம் வேண்டியிருந்தது. நகர வெளிச்சம் இல்லாத, தென்வானமும் நன்கு தெரியும் இடமாக அவர் தேர்ந்தெடுத்தது, ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலையிலுள்ள காவலூர்!

கொடைக்கானலில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அடுத்து 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய முனைந்தார். அது முடியுமுன், 1982 ஆகஸ்ட் 19-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. உலக வானியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

அவருடைய குழுவினர் வேலையை நிறுத்தவில்லை. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

இன்று முனைவர் பட்டம் முடித்த இளைஞர்கள் பலர், நட்சத்திரத் துடிப்பைக் கொண்டு அதன் உட்புறத்தையும் வயதையும் ஆராய்கிறார்கள். ஓர் இரவு பார்த்தால் போதாது. பல இரவுகள் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். குழந்தைகளே, நீங்களும் இன்றிரவு ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். நாளையும் பாருங்கள். பாப்பு அப்படித்தான் தொடங்கினார்!