பேராயர் அசரியா

கல்வியும் ஒற்றுமையுமே தாழ்த்தப்பட்ட மக்களை உயர்த்தும் இரு கைகள். அவ்விரண்டுக்கும் தம் பதவியைக் கருவியாக்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்வை இவ்வெள்ளி விழா மலரில் நினைவுகூர விழைகிறோம்.

1517இல் ஜெர்மனியில் எழுந்த சமயச் சீர்திருத்தத்திற்குப் பின், பேராயர் பதவி பற்றிப் புரொட்டஸ்டண்டு சபைகளிடையே பிளவு தோன்றியது. இங்கிலாந்தும் சுவீடனும் அப்பதவியைக் காத்துக்கொண்டன. ஸ்காட்லாந்துச் சபையோ நெடும் போராட்டத்திற்குப் பின் அதனை நீக்கி, மூப்பர் அவைகளை நிறுவியது. இவ்வேற்றுமைகள் மிஷனெரிமாருடன் நம் நாட்டிற்கும் வந்தன. ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் ஆசனம் இங்கு நெடுங்காலம் வெள்ளையருக்கே உரியதாயிருந்தது.

அந்நிலையை மாற்றியவர் அசரியா. 1874இல் நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில், கோயில் நுழைவும் மறுக்கப்பட்டிருந்த நாடார் குலத்தில், குருவானவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1909இல் குருத்துவப் பணியேற்று, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்குச் சென்றார். வெளிநாட்டு ஊழியர் இந்தியரைத் தோழராய் நடத்த வேண்டுமென 1910இல் எடின்பரோ மாநாட்டில் அஞ்சாது எடுத்துரைத்தார். வெள்ளையர் பலரும் இந்தியக் கிறிஸ்தவர் சிலரும் எதிர்த்தபோதிலும், 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் அவர் பேராயராய் அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

அவர் பணி மாலர், மாதிகர் சேரிகளிலேயே வேரூன்றியது. 1960 வரை சித்தூர் மாவட்டத்தோடிருந்த திருத்தணிப் பகுதியினராகிய நமக்கு அப்பெயர்கள் புதியவையல்ல. தெலுங்கு கற்று, ஊர் ஊராய்ச் சென்று, எழுத்தறியா மக்களிடையிலிருந்தே ஆசிரியர்களையும் குருமாரையும் உருவாக்கினார். அவர் துணைவியார் அன்பு அம்மையார் பெண்களிடையே பணியாற்றினார். ஒடுக்கப்பட்ட இவ்விரு குலத்தாரும் தமக்குள் உயர்வு தாழ்வு பாராட்டுதல் தகாதென அசரியா இடைவிடாது போதித்தார்.

1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஒன்றிப்பு முயற்சியிலும் அவரே முன்னணியில் நின்றார். பேராயர் பதவியே அங்கும் பெரும் தடையாயிற்று. பேராயர் இருக்கட்டும், ஆயின் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டு, சட்டதிட்டங்களுக்குக் கட்டுப்பட்டவராய் இருக்கட்டும் என்ற இணக்கம் பிறந்தது. 1945 சனவரி 1இல் அசரியா மறைந்தார். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. விதைத்தவர் விளைவைக் காணவில்லை.

இளைஞர்களே! நம்முள் பலர் வேறு சமயத்தினர். எனினும் இவ்வாழ்வு நம் அனைவருக்கும் பாடமாகும். கல்வியால் நாம் நாளை பதவிகள் பெறுவோம். அப்பதவி நம்மைச் சேரியிலிருந்து பிரிக்கும் மதிலாகாமல், நமக்குப் பின் வருவோர் ஏறிவரும் படியாகட்டும்.