வேலிக்கு வெளியே நின்ற சிறுவன்

உலகத்துச் சிறுவர் சிறுமியர் அறிந்த பெயர்களுள் வால்ட் டிஸ்னி என்பதும் ஒன்று. மிக்கி மவுஸ் என்னும் எலியைப் படைத்தவர் என்றே நம்மவருட் பலர் அவரை அறிவர். அன்னாரின் வரலாற்றை எழுதப் புகுந்தோரும் பெரும்பாலும் அந்த எலியிலிருந்தே தொடங்குவர். எமக்கோ, அவர் வாழ்வின் பொருள் ஒரு வேலியருகே கிடப்பதாகத் தோன்றுகிறது.

1901ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி சிக்காக்கோ நகரிலே பிறந்தார் டிஸ்னி. தந்தை எலாயஸ் தச்சுவேலை அறிந்தவர். 1893இல் அந்நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கான கட்டட வேலையில் உழைத்த தச்சர்களுள் ஒருவர். உலகம் வியந்த இராட்சத இராட்டினம் முதன்முதலாகச் சுழன்றது அக்கண்காட்சியிலேதான். மகனுக்கு ஐந்து வயதாவதற்குள் குடும்பம் மிசூரி மாநிலத்து மார்சலீன் என்னும் சிற்றூருக்குச் சென்று கமஞ்செய்யத் தொடங்கிற்று. கமம் நிலைக்கவில்லை. அதை விற்றுவிட்டு 1911இல் கன்சாஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தனர்.

அங்கே எலாயஸ் பத்திரிகை விநியோக உரிமையொன்றை விலைக்கு வாங்கினார். பத்திரிகைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவருடைய பிள்ளைகளே. ஒன்பது வயதுச் சிறுவன் அதிகாலையில், இருள் விலகுமுன் எழுந்து, குளிர்காலத்தில் முழங்காலளவு பனியில் நடந்து, ஆறாண்டுகளுக்கு மேலாக அவ்வேலையைச் செய்தான். தந்தை அதற்குக் கூலி கொடுக்கவில்லை. சோறும் உடையும் கொடுப்பதே போதும் என்பது அவர் கொள்கை. பையன் வகுப்பறையில் உறங்கிவிழுவது வழக்கமாயிற்று. வன்னியிலும் தந்தையோடு வயலுக்கும் கடலுக்கும் போய்வந்து வகுப்பில் கண்ணயரும் பிள்ளைகள் உண்டு; ஆசிரியர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்நாளில் அவர்கள் வீட்டிலிருந்து நடந்துபோகக்கூடிய தொலைவில் ஃபெயர்மவுண்ட் என்னும் கேளிக்கைப் பூங்கா இருந்தது. வால்டும் தங்கை ரூத்தும் அதன் வேலியருகே போய் நிற்பார்கள். உள்ளே செல்வதற்குக் காசில்லை. வேலியின் ஊடாக உள்ளே நடப்பவற்றைப் பார்ப்பார்கள். பின்னர் வீடு திரும்புவார்கள். இவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆயினும் இருவரும் முதுமைவரை அதை மறக்கவில்லை.

பின்வந்த ஆண்டுகளை ஈண்டு விரைந்து கடக்கலாம். முதலாம் உலகப் போர் முடிந்த வேளையில் வயதைக் கூட்டிச் சொல்லிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து பிரான்சில் அம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். திரும்பிவந்து தொடங்கிய சித்திரப்படத் தொழில் 1923இல் முறிந்தது. அதே ஆண்டு ஹொலிவூட் சென்று, தமையன் ரோயுடன் கூட்டுச் சேர்ந்து புதியதொரு நிறுவனத்தை அமைத்தார். 1928 நவம்பரில், அப் ஐவேர்க்ஸ் என்னும் ஓவியரின் கைவண்ணத்தில் உருவான மிக்கி மவுஸ் ஒலியுடன் திரையிலே தோன்றிற்று. 1937இல் வெளிவந்த ஸ்னோ வைட் முழுநீளச் சித்திரப் படம் செல்வத்தைக் கொண்டுவந்தது.

செல்வம் வந்த பின்னர் கூலி பற்றிய அவர் நோக்கு எவ்வாறிருந்தது? 1941இல் அவருடைய ஓவியர்கள் சம்பள ஏற்றத்தாழ்வுக்காகவும் சங்க உரிமைக்காகவும் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதனைத் தமக்கிழைத்த துரோகமாகவே அவர் கருதினார். அக்கசப்பு அவரை விட்டு அகலவில்லை. கூலியின்றி உழைத்த சிறுவன் பிறர் கூலிக்காகக் குரலெழுப்பியபோது அவர்பக்கம் நிற்கவில்லை. அவர் புகழ்பாடும் நூல்கள் இப்பகுதியை மெல்லக் கடந்துவிடும்.

அவருக்கு டயான், ஷரன் என இரு பெண்மக்கள். விடுமுறை நாள்களில் அவர்களை லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கிரிபித் பொதுப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வார். பிள்ளைகள் குதிரை இராட்டினத்தில் ஏறிச் சுற்றுவர். தந்தை வாங்கிலிலே தனியே அமர்ந்து கச்சான் கொறித்தபடி காத்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ்வதற்கோர் இடம் ஏன் இல்லை என்ற கேள்வி அந்த வாங்கிலிலேதான் பிறந்ததென்று பின்னாளில் அவரே சொல்லிவந்தார்.

நமக்கு இக்கேள்வி சற்று வியப்பாக இருக்கலாம். நந்திக்கடலோரத்து வற்றாப்பளையிலே, கடல்நீர் விட்டு விளக்கேற்றும் மரபுடைய கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குப் பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் முழுவதும் போகிறது. வாயிலில் எவரும் காசு கேட்பதில்லை. கையிலே காசுள்ளவர் கச்சானும் விளையாட்டுப் பொருளும் வாங்குவர். இல்லாதவர் கூட்டத்தைப் பார்த்தே பொழுதைப் போக்குவர். இருவரும் அவ்விரவை அங்கேயே கழித்தவராவர்.

டிஸ்னி இடமொன்றைத் தேடினார். 1951இல் டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனிலே, 1843 முதல் நடைபெற்றுவரும் ரிவோலிப் பூங்காவைக் கண்டு அதன் தூய்மையில் மயங்கினார். அனாஹைம் என்னுமிடத்தில் தோடைத் தோட்டங்களாயிருந்த 160 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. தம் ஆயுட் காப்புறுதியின்மேற் கடன்பட்டார். ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் பங்கு கொண்டது. 1 கோடியே 70 இலட்சம் டொலர் செலவில், 1955 யூலை 17ஆம் திகதி டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. அன்று கள்ளச் சீட்டுடன் வந்தோர் எண்ணிறந்தோர், வெயிலில் தார் இளகிற்று, குழாய்களில் நீரில்லை. ஆயினும் மக்கள் வந்துகொண்டேயிருந்தனர்.

அமெரிக்கக் கேளிக்கைத் திடல்கள் பலவற்றில் அக்காலத்தே வாயிற்கட்டணம் இல்லை. ஏறும் விளையாட்டுக்கு மட்டுமே காசு. டிஸ்னியோ ஒரே வாயில், அதற்கொரு கட்டணம் என்பதில் உறுதியாக நின்றார். குழப்பக்காரர் உள்ளே வராதிருக்க அது வேண்டுமென்பது அவர் நியாயம். பூங்காவைச் சுற்றி, நம் வன்னிக் குளக்கட்டைப் போல, உயர்ந்த மண் அணையொன்றையும் எழுப்புவித்தார். உள்ளே இருப்போர் கண்ணுக்கு வெளியுலகம் தெரியலாகாது என்பது அதன் நோக்கம். வெளியே நிற்பவர் கண்ணுக்கு உள்ளே நடப்பது தெரியாது என்பதும் அதனால் வந்தது. ஃபெயர்மவுண்டின் வேலிக்கு இடைவெளிகள் இருந்தன. மண் அணைக்கு அவை இல்லை.

முதலாண்டுக் கட்டணம் வளர்ந்தோருக்கு 1 டொலர், சிறுவருக்கு 50 சதம். விளையாட்டுகளுக்குத் தனிக் காசு. அவ்வாண்டு ஒக்தோபரில் வாயிற்கட்டணமும் எட்டு விளையாட்டுகளும் அடங்கிய சீட்டுப் புத்தகம் இரண்டரை டொலருக்கு வந்தது. அந்நாளைய அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சதம். அதாவது தொழிலாளி ஒருவர் மூன்று மணி இருபது நிமிட உழைப்பில் தம் நாளை வாங்கிவிடலாம். அந்த இரண்டரை டொலர் 2025இன் பெறுமதியில் ஏறத்தாழ 30 டொலராகும்.

1966 டிசெம்பர் 15ஆம் திகதி நுரையீரற் புற்றுநோயால் டிஸ்னி காலமானார். புளோரிடாவில் வாங்கியிருந்த பெருநிலத்தில் இரண்டாம் பூங்காவை எழுப்பும் பொறுப்பு ரோயின் தோளில் விழுந்தது. ஓய்வுபெறவிருந்த அம்முதியவர் ஓய்வை ஒத்திவைத்து, 1971 ஒக்தோபரில் அதைத் திறந்து, தம்பியின் முழுப் பெயரையும் அதற்குச் சூட்டி, அவ்வாண்டு டிசெம்பரிலேயே மறைந்தார்.

1982இல் தனித்தனிச் சீட்டுகள் ஒழிந்து, எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு வந்தது. விளையாட்டு ஏதும் வேண்டாது பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் பார்த்தமர்ந்திருக்க விரும்பும் பாட்டிக்கும் அன்றுமுதல் முழுக்கட்டணமே. 2016 முதல் கூட்டத்துக்கேற்ப நாளுக்கொரு விலை. 2021இல் வரிசையை முந்திச் செல்லவும் காசு வாங்கத் தொடங்கினர். முன்பு அவ்வசதி இலவசமாயிருந்தது. 2024 ஒக்தோபரில் நெருக்கடி மிக்க நாளுக்கான சீட்டு 206 டொலரைத் தொட்டது. கூட்டங் குறைந்த நாள்களுக்கு 104 டொலர். ஆனால் பாடசாலை விடுமுறையும் தொழிலாளியின் விடுமுறையும் கூட்டங் குறைந்த நாள்களில் வருவதில்லை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு வாயிலிலேயே ஏறத்தாழ 800 டொலர். 2025இல் மணிக்கு 16.50 டொலர் என்னும் கலிபோர்ணியக் குறைந்தபட்சக் கூலியிற் கணித்தால், ஒரு வாரத்துக்கு மேற்பட்ட உழைப்பு.

நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயமுண்டு. விளையாட்டுகள் முன்னையிலும் பன்மடங்கு பெருகிவிட்டன; இடமோ அந்த அளவுக்குப் பெருகவில்லை; விலையை உயர்த்தியும் வருவோர் குறையவில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த ஏதாவதொரு வழி வேண்டும். ஆனால் விலையால் கட்டுப்படுத்தும்போது முதலில் வெளியே நிற்பவர் யாரென்பதைப் பத்திரிகை சுமந்த அந்தச் சிறுவன் நன்கறிவான். தம் பெயரிலேயே இது நடக்கக் கண்டிருந்தால் டிஸ்னி என்ன செய்திருப்பார் என்று எம்மால் துணிந்து கூற முடியவில்லை. வேலிக்கு வெளியே நின்றவரும் அவரே. மண் அணையைக் கட்டியவரும் அவரே.

கிரிபித் பூங்காவில் அவர் கச்சான் கொறித்தபடி அமர்ந்திருந்த வாங்கில்களுள் ஒன்று இப்பொழுது டிஸ்னிலாண்டின் முதன்மை வீதியிலுள்ள மண்டபத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பொதுப் பூங்காவில் இருந்த காலத்தில் அதில் எவரும் அமரலாம். இன்று அதைப் பார்ப்பதற்கு வாயிலிலே சீட்டு வாங்க வேண்டும்.